இறங்காமல் செல்லும் உரிமை: கிள்ளான் தோட்டங்களும் மிதிவண்டியின் வரலாறும்

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் ஒன்று மூண்டது. அப்போது தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளைப் படிக்கும் மாணவர் எவரும் ஓரிடத்தில் சற்றே நின்றுவிடுவர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்றனர். பிள்ளைகளுக்குக் கல்வியும் நோயாளிகளுக்கு முறையான மருத்துவமும் வேண்டும் என்றனர். கள்ளுக்கடைகளை மூட வேண்டும், உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும் என்றனர். இவையெல்லாம் எதிர்பார்க்கத்தக்கவை. இவற்றோடு ஒன்றாக, வெள்ளைத் துரைமாரும் ஆசிய அலுவலரும் எதிரே வரும்போது தொழிலாளர் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டியதில்லை என்ற கோரிக்கையும் நிற்கிறது.

கூலி உயர்வுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நிகராக இப்படி ஒரு வரியை ஏன் எழுதினர்? அக்காலத் தோட்டத்தின் நடைமுறையை அறிந்தால் அது விளங்கும். தோட்டச் சாலையில் மிதிவண்டியில் செல்லும் பால்வெட்டுத் தொழிலாளி எதிரே துரையையோ கிராணியையோ கண்டால் உடனே இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். அவர் கடந்து சென்ற பின்னரே மீண்டும் ஏறலாம். வண்டி அவனுடையது, சொந்தக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியது. ஆயினும் அதன்மீது அமர்ந்திருக்கும் உரிமை அவனுடையதாக இல்லை. தமிழகத்துச் சிற்றூர்களில் ஒடுக்கப்பட்டோர் மேல்சாதித் தெருக்களில் செருப்பணிந்து நடக்கவும், தோளில் துண்டு போடவும், மிதிவண்டியில் ஏறிச் செல்லவும் தடுக்கப்பட்ட வழக்கத்தை நம் முன்னோருட் பலர் நேரில் அறிந்தவர்கள். கடல் கடந்து வந்த பின்னும் அதே வழக்கம் வேறொரு வேடத்தில் அவர்கள் முன் நின்றது.

இவ்வரியை நாம் இன்று எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டிலிருந்து படிக்கவும் பணிபுரியவும் ஒல்லாந்து நாட்டுக்குச் செல்லும் இளைஞர்கள் ஊர் திரும்பினால் வியந்து சொல்லும் முதற்செய்தி அங்குள்ள மிதிவண்டிப் பழக்கம். விளையாட்டு வீரரின் உடையோ தலைக்கவசமோ இல்லை. மழையானால் மழைச்சட்டை, மற்றபடி அலுவலகத்துக்குப் போகும் உடை எதுவோ அதுவேதான் வண்டிக்கும் உடை. முன்புறப் பெட்டியில் இரு குழந்தைகளை அமர்த்திக்கொண்டு தாய்மார் பள்ளிக்குச் செல்கின்றனர். எழுபது வயது மூதாட்டி முதுகு நிமிர்ந்து அமர்ந்து கடைக்குப் போகிறார். 2010 முதல் 2024 வரை தலைமை அமைச்சராக இருந்த மார்க் ருட்டே மிதிவண்டியில் அலுவலகத்துக்குச் செல்லும் படங்கள் உலகெங்கும் பரவின. அங்கே அது பெரிய செய்தியே அன்று. பேராசிரியரும் மாணவரும் துப்புரவுப் பணியாளரும் ஒரே பாதையில் ஒரே வகை வண்டியில் செல்கின்றனர். எவரும் எவருக்காகவும் இறங்குவதில்லை. நம் இளைஞர்கள் வியப்பது வண்டியைக் கண்டு அன்று, இந்தச் சமநிலையைக் கண்டுதான் என்பது எம் கருத்து. அச்சமநிலையைக் கிள்ளானின் பால்வெட்டுத் தொழிலாளர் 1941இலேயே எழுத்தில் கேட்டுவிட்டனர் என்பதை அவ்விளைஞர்களுள் மிகச் சிலரே அறிவர்.

ஒல்லாந்தர் நமக்குப் புதியவர் அல்லர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் கோட்டை கட்டியிருந்தவர்கள். 1641இல் மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றியவர்கள். துட்டு, கக்கூசு, ஈழத்தார் அலுவலகத்தைச் சுட்டும் கந்தோர் ஆகிய சொற்கள் அவர்கள் மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. காசும் கழிப்பறையும் அலுவலகமும் தந்தவர்கள் மிதிவண்டியைத் தரவில்லை; அக்காலத்தில் அது பிறக்கவே இல்லை. வண்டி நமக்கு ஆங்கிலேயர் வழியே வந்தது; எனவே பேச்சில் சைக்கிள் என்றே நின்றுவிட்டது. எழுத்தில் மிதிவண்டி என்கிறோம். ஈழத்தில் துவிச்சக்கர வண்டி என்றனர். தனித்தமிழ் விரும்பியோர் ஈருருளி என்றனர். மலாய்மொழியில் ஆங்கிலத்திலிருந்து பாசிக்கால் வந்தது. ஒல்லாந்தர் ஆண்ட இந்தோனேசியாவிலோ பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்த செப்பேடா வழங்குகிறது. ஆனால் ஒல்லாந்தர் தம் வண்டியை ஃபீட்ஸ் என்று அழைக்கின்றனர். அச்சொல்லின் பிறப்பு எது என்று அந்நாட்டு மொழியறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடினர். தினமும் ஏறிச்செல்லும் பொருளின் பெயருக்கே வேர் தெரியாமல் இருந்தது மொழி மாணவர்களுக்குச் சுவையான செய்தி.

மிதிவண்டிக்கும் மலாயாத் தமிழருக்கும் உள்ள உறவு வண்டியை நாம் வாங்குவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் பெல்பாஸ்ட் நகரில் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தை மிதிவண்டிக்குப் பொருத்தினார். அதன்பின் 1890களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிதிவண்டி மோகம் பரவியது. ரப்பரின் தேவையும் விலையும் ஏறின. மோட்டார் வண்டி பெருகியது அதற்குப் பிறகுதான். அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் மலாக்காவில் டான் சே யான் என்பவரும் காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரரும் ரப்பரை வணிகப் பயிராக நட்டனர். சிலாங்கூரின் காப்பித் தோட்டங்கள் ரப்பர்த் தோட்டங்களாக மாறின. அவற்றுக்கு ஆள்சேர்க்கக் கங்காணிமார் தமிழகத்துக் கிராமங்களுக்குச் சென்றனர். ஐரோப்பியன் ஒருவன் குலுங்காமல் வண்டி ஓட்டுவதற்காகத் தொடங்கிய தேவை, ஒரு தலைமுறைக்குள் நம் பாட்டன்மாரை லயத்து வீடுகளில் கொண்டுவந்து சேர்த்தது என்றால் அது மிகையாகாது.

நம் ரவாங் வட்டாரத்திலும் முதலில் ஈயமும் பின்னர் ரப்பருமே வாழ்வை வகுத்தன. 1894இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தம் சுரங்கத்தில் நீர் இறைக்க மின்னாக்கியை நிறுவினர். மலாயாவில் மின்சாரம் முதலில் பயன்பட்ட இடம் இதுவே என்று பதிவு உண்டு. மின்சாரம் இவ்வளவு முன்னதாக வந்த ஊரிலும் தொழிலாளியின் போக்குவரத்து அவன் இரு கால்களே. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, உளியும் வாளியும் ஏந்தி நிரைக்கு நடந்தான். பாலைக் காண்டாவில் சுமந்து திரும்பினான்.

தோட்டத்தில் மிதிவண்டி முதலில் கிராணியின் வண்டியாகவே இருந்தது. துரைக்கு மோட்டார், கிராணிக்குச் சைக்கிள், கூலிக்குக் கால் என்பது எழுதாத சட்டம். இருபதுகளிலும் முப்பதுகளிலும் விலை மலிந்த ஜப்பானிய வண்டிகள் தென்கிழக்காசியச் சந்தைக்கு வந்தபோது அச்சட்டம் தளர்ந்தது. தொழிலாளியும் வண்டி வாங்கலானான். அவனுக்கு அது கொடுத்தது வேகம் மட்டுமன்று. தோட்டம் என்பது அக்காலத்தில் வேலியிட்ட ஓர் உலகம். கடை, கள்ளுக்கடை, கோயில், மருந்தகம் யாவும் உள்ளேயே; வெளியார் நுழைய அனுமதி வேண்டும். வண்டி உள்ளவன் மாலையில் பட்டணத்துக்குச் சென்று வரலாம், 1924 முதல் வெளிவந்த தமிழ் நேசனைப் படிக்கக் கேட்கலாம், பக்கத்துத் தோட்டத்தில் என்ன கூலி என்று விசாரிக்கலாம், கூட்டத்துக்குப் போகலாம். வண்டியிலிருந்து அவனை இறக்கி நிறுத்தும் வழக்கம் மரியாதைக்காக மட்டும் வந்ததன்று. அவன் எல்லை எதுவரை என்பதை அவனுக்கு நாள்தோறும் நினைவூட்டவும் அது பயன்பட்டது.

கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் பின்னணியில் இயங்கியவர்களுள் முதன்மையானவர் ஆர். எச். நாதன். இவர் தமிழ் நேசனில் பணியாற்றியவர். 1941 மே மாதத் தொடக்கத்தில் அரசு இவரைக் கைது செய்தது. பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தியது. கைதைக் கேட்ட தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மீண்டும் வேலையை நிறுத்தினர். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். பலர் சிறை சென்றனர், பலர் நாடுகடத்தப்பட்டனர். கூலி சில காசுகள் உயர்ந்தது. நம் பள்ளி நூல்களில் இவ்வேலைநிறுத்தத்துக்கு அதற்குரிய இடம் இன்னும் கிட்டவில்லை. கூலிப் போராட்டம் என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். அது மானப் போராட்டமும் ஆகும் என்பதற்குச் சான்று வேண்டுமாயின் மிதிவண்டி பற்றிய அந்த ஒரு வரியே போதும்.

ஏழு திங்கள் கழித்து வரலாறு ஒரு கொடிய விளையாட்டு ஆடியது. 1941 டிசம்பர் 8இல் தாக்குதலைத் தொடங்கிய ஜப்பானியப் படை மிதிவண்டிகளில் ஏறித் தெற்கு நோக்கி விரைந்தது. ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஏறத்தாழ 6,000 மிதிவண்டிகள். சக்கரம் பழுதானால் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினர். இரவில் அந்த ஓசையைப் பீரங்கி வண்டி என்று எண்ணி எதிர்ப்படையினர் அஞ்சினர் என்பர். போதாததற்கு ஊர்மக்களின் வண்டிகளையும் பறித்துக்கொண்டனர். சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம், செரண்டா, ரவாங் என நாம் இன்றும் செல்லும் அதே பெருஞ்சாலை வழியாக வந்து 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூரைப் பிடித்தனர். எந்தத் துரைமாருக்காகத் தொழிலாளி வண்டியிலிருந்து இறங்கினானோ அவர்கள் வண்டியில் வந்தவர்களுக்கு முன் ஓடினர். தொழிலாளியின் வண்டியோ புதிய எசமானனிடம் போய்ச்சேர்ந்தது. அதே 1942இல் ஒல்லாந்தை ஆண்டிருந்த ஜெர்மானியப் படையும் அந்நாட்டு மக்களின் மிதிவண்டிகளைப் பல்லாயிரக்கணக்கில் பறிமுதல் செய்தது. போர் முடிந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும், முதலில் என் சைக்கிளைத் திருப்பிக் கொடு என்று ஜெர்மானியரை ஒல்லாந்தர் கேலி செய்வது வழக்கமாயிற்று. நம் முதியோரிடமும் அத்தகைய மனக்குறை இருந்தது. கேலியாக்கிச் சொல்லத்தான் நமக்கு வாய்க்கவில்லை.

1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் புதுக்கிராம வாயில்களில் மிதிவண்டிகளை நிறுத்திச் சோதித்தனர். காற்றடிக்கும் பம்புக்குள் அரிசி நிரப்பிக் காட்டிலிருப்போருக்குக் கடத்திய கதைகள் பல. வண்டியில் வருபவன் மறுபடியும் இறங்கி நின்றான். விடுதலைக்குப் பின்வந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளே மிதிவண்டி இந்நாட்டில் இயல்பாக ஓடிய காலம். ரொட்டிக்காரர், பால்காரர், நாளிதழ் போடுபவர் என வீட்டுக்கு வருபவர் எல்லாரும் அதில்தான் வந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயத்தை விட்டு வெளியேறியோர் தொலைவிலிருந்து வேலைக்கு வரவும் அதுவே துணை. விளக்கின்றி ஓட்டியதற்கும் இருவர் ஏறிச் சென்றதற்கும் காவலர் சமன் எழுதிக்கொடுத்தது நம் பெரியோருக்கு நினைவிருக்கும். இருக்கையை எட்டாத சிறுவர் சட்டத்தின் நடுவே காலை நுழைத்து ஓட்டிய முறைக்குத் தமிழில் குரங்குப் பெடல் என்று பெயர். அதற்கு இணையான அழகிய சொல் ஒல்லாந்து மொழியில் உண்டா என்று அங்கிருந்து வரும் நண்பர்களைக் கேட்கலாம்.

பின்பு மோட்டார் சைக்கிள் வந்தது. வருமானம் சற்று உயர்ந்த தொழிலாளி அதை வாங்கியதில் வியப்பில்லை. வெயிலும் தொலைவும் அவனை அதற்குத் தூண்டின. சாலைகள் அகன்றன. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்தது. அவை தேவையானவை, அவற்றைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் ஊருக்குள் இருந்த சாலைகளும் நெடுஞ்சாலையின் குணத்தைப் பெற்றுவிட்டன. இன்று ரவாங்கில் ஒரு மாணவன் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் உள்ள பள்ளிக்கு மிதிவண்டியில் புறப்பட்டால், நாற்சந்திதோறும் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்க வேண்டும். எந்தத் துரையும் அவனை இறங்கச் சொல்லவில்லை, சாலை சொல்கிறது.

இதன் விலை சிறிதன்று. கொள்ளைநோய்க்கு முந்திய ஆண்டுகளில் மலேசியச் சாலைகளில் ஆண்டுதோறும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் ஏறக்குறைய ஐவரில் மூவர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். மிதிவண்டியின் வாரிசுகள் இவர்களே: தொழிற்சாலைக்கும் பட்டறைக்கும் செல்லும் எளிய குடும்பத்து இளைஞர்கள். ஆசிரியராக இருப்போர் பலர் தம் முன்னாள் மாணவருள் ஒருவரையேனும் இவ்வாறு இழந்திருப்பர்.

இங்கேதான் ஒல்லாந்தின் வரலாற்றைச் சரியாகப் படிக்க வேண்டும். அது அவர்கள் இரத்தத்தில் ஊறியது, சமநிலம் என்பதால் எளிது என்று சொல்வோர் உண்டு. நிலம் சமமென்பது உண்மை. ஆனால் 1950களிலும் 60களிலும் அந்நாடும் நம்மைப் போலவே காருக்கு வழிவிட்டது, தெருக்களை அகலப்படுத்தியது, மிதிவண்டி ஓட்டுவோர் ஆண்டுக்காண்டு குறைந்தனர். 1971ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3,300 பேர் அந்நாட்டுச் சாலைகளில் இறந்தனர். அவர்களுள் நானூற்றுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தம் மகளை இழந்த விக் லாங்கன்ஹோஃப் என்ற இதழாளர் குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்று எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மாரும் மாணவரும் சாலைகளை மறித்தனர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதிக்கப்பட்டபோது தெருக்கள் எப்படி இருக்கக்கூடும் என்பதை மக்கள் கண்ணால் கண்டனர். 1975இல் மிதிவண்டியாளர் சங்கம் தோன்றியது. தனிப்பாதைகள் வந்தன. கார் மிதிவண்டியின்மீது மோதினால் பொதுவாகப் பொறுப்பு கார் ஓட்டியவருக்கே. அடிபட்டவர் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையாயின் இழப்பீடு முழுமையும் அவரைச் சாரும் என்னும் அளவுக்குச் சட்ட நிலை வளர்ந்தது. இன்று அங்கே சாலையில் இறப்போர் ஆண்டுக்கு எழுநூறு அளவில். யூட்ரெக்ட் தொடருந்து நிலையத்தின் கீழ் 12,500 மிதிவண்டிகளை நிறுத்தலாம்.

ஒல்லாந்தரை ஒரேயடியாக உயர்த்திப் பேசவும் நாம் விரும்பவில்லை. தம் தெருக்களில் சமநிலை கண்ட அதே நாட்டார், நீரிணைக்கு அப்பால் சுமத்ராவின் டெலி தோட்டங்களில் 1880ஆம் ஆண்டுக் கூலிச் சட்டத்தின்கீழ், ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையிலிட்டு ஆண்டவர்கள். சமநிலை அவர்களுக்கும் பிறவிக் குணமன்று.

தமிழரிடையே இதற்கு நிகரான நிகழ்வு புதுக்கோட்டையில் நடந்தது. 1991இல் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்களுக்குப் பயிற்றுவிக்கலாம் என்று இயக்கத்தார் முடிவு செய்தனர். ஊரார் ஏளனம் செய்தனர். ஆயினும் சில ஆண்டுகளில் கற்றோர் தொகை இலட்சத்தைத் தாண்டியது. 1992 மகளிர் நாளில் ஆயிரத்தைந்நூறு பெண்கள் மணியொலித்தபடி நகருக்குள் வண்டியோட்டி வந்ததை இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே வாங்கினர்; அதன் குறுக்குச் சட்டத்தில் குழந்தையை அமர்த்தலாம் என்று அதையே விரும்பியோரும் உண்டு. கற்குவாரித் தொழிலாளியும் அங்கன்வாடிப் பணியாளரும் அண்ணனுக்கோ கணவனுக்கோ காத்திராமல் தம் வேலையைத் தாமே பார்க்கலாயினர். கிள்ளானின் ஆண்கள் துரையிடம் கேட்டதைப் புதுக்கோட்டைப் பெண்கள் தம் வீட்டு ஆண்களிடமிருந்தும் பெற வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தார் நிலை வேறு. 1990களில் எரிபொருள் தடைப்பட்ட குடாநாட்டில் நோயாளியும் விறகும் மணமக்களும் மிதிவண்டியில்தான் சென்றனர். மின்சாரமின்றிச் சக்கரத்தைச் சுழற்றி டைனமோவில் வானொலி கேட்டனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, எண்பதுகளின் நடுவில், போருக்குத் தப்பி ஒல்லாந்தில் அடைக்கலம் புகுந்த ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கானோர். அங்கே மொழியும் குளிரும் அவர்களுக்குப் புதியவை, வண்டி புதிதன்று.

நம் நகரங்களிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையிலான கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களின் தொடக்கத்திலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனிப்பாதை அமைத்து உலகுக்கு முன்னோடியானோம். அண்மையில், 2018இல், தலைநகரின் சாலையோரங்களில் மிதிவண்டிக்கென நீலவண்ணப் பாதை தீட்டப்பட்டது. வண்ணம் மட்டும் காரைத் தடுக்காது. சில நாளில் அதன்மீது கார்கள் நின்றன. 1995 முதல் கொம்யூட்டர் தொடருந்து வந்து நிற்கும் ரவாங் நிலையத்துக்கு அரைமணி நடை தொலைவுக்குள் எத்தனை வீடுகள், எத்தனை வகுப்பறைகள் உள்ளன என்பதை மாணவர்கள் வரைபடத்தில் அளந்து பார்க்கலாம். அது நல்ல புவியியல் பயிற்சியுமாகும்.

வரலாற்றுப் பயிற்சி ஒன்றையும் ஆசிரியர்கள் தரலாம். நாற்பதுகளின் தோட்டத்தை நேரில் கண்டோர் அருகிவிட்டனர். அவர்தம் மக்கள் இன்னும் நம்மோடு இருக்கின்றனர். வீட்டில் முதல் மிதிவண்டி எந்த ஆண்டு வந்தது, எத்தனை மாதக் கூலிக்கு, எவரிடம் தவணைக்கு? அதன் உறுப்புகளைத் தோட்டத்தில் என்ன பெயரால் அழைத்தனர்? பெண்கள் எவரேனும் ஓட்டினரா? துரை வரும்போது தாத்தா இறங்கி நின்றாரா, எந்த ஆண்டிலிருந்து இறங்காமல் போனார்?